கோட்டுக் கழற்றாத சனம்

மத்தியானம் பாஸ்டர் தேவநாயகம் தொலைபேசியில் கூப்பிட்டபோது றோஸ் குளியலறையில் தலைமயிர் காயவைத்துக்கொண்டிருந்தாள். அந்த மெஷினின் இரைச்சலில் அவளுக்கு மணி கேட்கவில்லை. அவளுடைய புருஷன் ஜெபநேசன் எடுத்தான்.

“பிரதர், சிஸ்டர் பக்கத்தில நிக்கிறாவோ?”

“இல்லை. சொல்லுங்கோ.”

“முதல்ல ஒரு இடத்தில இருங்கோ.”

இருக்கச் சொன்ன உடனேயே அவனுக்கு விளங்கிவிட்டது. இருக்கவில்லை. சமையலறை யன்னலோரம் நின்றுகொண்டே கேட்டான்.

வன்னியில் மிஞ்சியிருந்த கடற்கரைத் துண்டுக்குள் றோசின் தம்பி ஞானரட்ணமும் குடும்பமும் இருந்தார்கள். அவர்களுடைய பங்கருக்கு மேல் செல் விழுந்திருக்கிறது. உள்ளே நிற்கும் ஒருவனுக்கு சற்றலைற் தொலைபேசியில் ஒரு நிமிடம் கிடைக்க, அவன் நோர்வேயில் இருக்கும் தமையனுக்கு எடுத்துத் தன்னுடைய கதையோடு இதையும் சொல்லியிருக்கிறான். தானே நின்று குழி வெட்டித் தாட்டதாகச் சொன்னானாம்.

“ஆர் ஆர் எண்டு சொன்னவனோ?”

“பேர் பேராய்ச் சொன்னவனாம். ஞானரட்ணம். மனிசி அருமைநாயகி. மூத்த பெட்டை ஜெனிதா. பெடியன் லூக்காஸ்.”

“சின்னது?”

“அதுக்குள்ள லைன் அறுந்திட்டுது.”

“செத்ததுகளோட சேர்த்துச் சொல்ல வந்தவனோ, தப்பினது எண்டு சொல்ல வந்தவனோ?”

“லைன் அறுந்திட்டுது எண்டுதானே சொல்லுறன், பிரதர்.”

குளியலறைக்குள் இரைச்சல் நின்றது. ஜெபநேசன் குரலைத் தணித்தான். பாஸ்டர் சொல்லவேண்டியதைக் கெதியாகச் சொன்னார். சனத்தைச் சேர்க்க நேரம் வேண்டும். பாதிப்பேர் கோப்பன்ஹேகன் ஆர்ப்பாட்டத்துக்குப் போய்விட்டார்கள். ஹேர்னிங்கிலிருந்து பெண்கள் வரவேண்டும். பின்னேரம்தான் ஏலும். அதுவரைக்கும் சிஸ்டருக்கு வாய் திறக்கவேண்டாம். இன்றைய பாட்டுக் கச்சேரியை ஏதாவது சாட்டுச் சொல்லி நிற்பாட்டிவிடவேண்டும்.

“நிப்பாட்டினா ஏன் எண்டு கேப்பா. என்ர முகத்தைப் பாத்தே பிடிச்சிடுவா,” என்றான் ஜெபநேசன்.

“அப்ப பாடுங்கோ. என்ன செய்யிறது.”

இப்படித்தான் அவர்கள் பாடப் போனார்கள். அது இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு மே மாதம். யுத்தத்தின் கடைசிச் சனிக்கிழமை.

செத்த செய்தியைத் தனி ஆளாகச் சொல்லும் பழக்கம் எங்கள் சனத்திடம் இல்லை. தொலைபேசியில் சொல்வதும் இல்லை. ஆட்கள் சேர்ந்து போகவேண்டும். அந்த வருடம் தை மாதத்திலிருந்து ஹேர்னிங்கிலும் பிராண்டேயிலும் இதற்கு ஒரு முறையே உண்டாகிவிட்டது. கார்களை அடுத்த தெருவில் விட்டுவிட்டு நடந்து போவார்கள். பெண்கள் முன்னுக்கு. ஒருத்தியின் கைப்பையில் பிரஷர் குளிசை. இன்னொருத்தியிடம் பிளாஸ்கில் இஞ்சி போட்ட பிளேன்ரீ. கதவு திறந்தவுடன் உள்ளே போய் நிற்பார்கள். செய்தியைச் சொல்லி முடியும்வரை ஒருவரும் கோட்டுக் கழற்றுவதில்லை. டென்மார்க்கில் ஒரு வீட்டுக்குள் போனால் முதல் வேலை கோட்டைக் கழற்றிக் கொழுவுவது. கோட்டோடு ஹோலுக்குள் வந்து நிற்கிறார்கள் என்றால் விருந்துக்கு வரவில்லை. வைகாசி பிறந்தபோது ஒரு வாயும் திறக்கத் தேவையிருக்கவில்லை. கோட்டைக் கண்டவுடனேயே சனம் கத்தத் தொடங்கிவிடும்.

பிளாஸ்க் கொண்டு போகிறவள் றோஸ். முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவளுக்கு வேலை. பெரிய பிளாஸ்க் அவளிடம்தான் இருந்தது.

கச்சேரி பிராண்டேக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் இருந்த ஒரு ஊர் மண்டபத்தில். அங்கே கன்ட்ரி சங்கம் ஒன்று இருந்தது. லொறி ஓட்டி ஓய்வுபெற்றவர்கள், பண்ணைக்காரர், அவர்களுடைய மனைவிமார். வருடத்தில் நான்கைந்து தடவை கௌபோய்த் தொப்பியும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு கூடுவார்கள். பழைய அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுகளுக்கு வரிசையாக நின்று ஆடுவார்கள். பிறகு கேக் சாப்பிடுவார்கள். அவர்களுக்கு றோசும் ஜெபநேசனும் பெரிய விருப்பம். ஜெபநேசன் என்ற பெயர் அவர்களுடைய வாயில் நிற்கவில்லை. ‘யெப்’ ஆக்கிவிட்டார்கள். அவர்கள் இருந்த யூலண்டுப் பகுதியில் கிழவர்களுக்கு உள்ள பெயர் அது. நோட்டீசில் ‘றோஸும் யெப்பும்’ என்று போடுவார்கள். தெரியாத ஆட்கள் இரண்டு டேனிஷ்காரரை எதிர்பார்த்து வந்து, மேடையில் இரண்டு தமிழரைக் கண்டு வாயைப் பிளப்பார்கள். சங்கத்துத் தலைவன் ப்ரெபெனுக்கு அந்த முகங்களைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம்.

தமிழர்கள் ஒருவரும் வருவதில்லை. சபைக்காரருக்கு இது தேவனுக்கு ஏற்காத உலகப் பாட்டு. பாஸ்டர் ஒருமுறை பிரசங்கத்திலேயே குத்திக்காட்டியிருந்தார். மற்றவர்களுக்கு இது விசர், சுத்தப் பைத்தியம். “வெள்ளைக்காரன்ர ஒப்பாரியை நீங்கள் ஏன் தூக்கிப் பிடிக்கிறியள்?” என்று கடையில் கேட்பார்கள். அந்த வருடம் அதற்கும் மேலே போய்விட்டது. பிறந்தநாள், சாமத்தியவீடு என்று கொண்டாட்டங்கள் எல்லாவற்றையும் சனம் நிற்பாட்டிவிட்ட காலத்தில் இதுகள் தொப்பி போட்டுக்கொண்டு பாடுதுகளாம் என்று கதை வந்தது. றோஸ் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவளுக்கு ஒரு திட்டம் இருந்தது. கோப்பன்ஹேகனில் பாராளுமன்றத்துக்கு முன்னால் பல நாள் நின்று பார்த்தாள். சைக்கிளில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்காமல் போனார்கள். கத்துகிற தமிழரைத்தான் அவர்கள் கண்டார்கள். இந்த மண்டபத்தில் இருக்கும் சனம் அப்படியல்ல. இவர்களுக்கு றோசைத் தெரியும். றோஸ் வாய் திறந்தால் கேட்பார்கள். இவர்களில் ஒருத்தியின் மகன் பத்திரிகையில் எழுதுகிறவன், இன்னொருவன் நகரசபையில் இருக்கிறான். ஐந்து நிமிடம் கதைக்கவிடு என்று ப்ரெபெனிடம் கேட்டாள். அவன் தலையைச் சொறிந்தான். அரசியல் கூடாதே என்றான். அரசியல் இல்லை, என் தம்பி என்றாள். சரி, கடைசிப் பாட்டுக்கு முன்னால் என்றான்.

அந்த ஐந்து நிமிடத்துக்காகத்தான் அவள் இரண்டு கிழமையாக உயிரைப் பிடித்துக்கொண்டு திரிந்தாள். பேச்சை அவளே எழுதினாள். மகள் ஷாரன் டேனிஷைத் திருத்திக் கொடுத்துவிட்டுக் கோப்பன்ஹேகனுக்குப் போனாள்.

காரில் போகும்போது றோஸ் அதைச் சத்தமாகப் படித்தாள். “எனது தம்பியும் அவனுடைய மனைவியும் மூன்று பிள்ளைகளும் இன்று உயிரோடு இருக்கிறார்கள். நாளைக்கும் இருப்பார்களா என்பது எங்கள் கையிலும் இருக்கிறது.” டேனிஷில். ஜெபநேசன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எப்பிடி இருக்கு?”

“நல்லாயிருக்கு.”

“உச்சரிப்பு?”

“அதுவும்.”

“என்னப்பா நீங்கள், கேக்கிறியளோ இல்லையோ? ஷாரன் சொல்லுறாள், நான் டேனிஷ் கதைச்சா வாய்க்குள்ள சுடு கிழங்கு வைச்ச மாதிரி இருக்காம். நான் சொன்னன், டேனிஷ்காரனுக்கும் அப்பிடித்தானடி இருக்கு எண்டு.”

அவன் சிரிக்கவேண்டும். சிரித்தான்.

“ஞானம் இதைக் கேள்விப்பட்டா விழுந்து விழுந்து சிரிப்பான்,” என்றாள் அவள். “அண்டைக்கு எடுத்தவன் என்ன கேட்டவன் தெரியுமே? ஒரு நிமிசம்தான் தருவினமாம். அதில பாதியைப் பகிடிக்குச் செலவழிச்சவன். ‘அக்கா, இன்னும் அந்தத் தொப்பி போடுறியோ? இஞ்ச செல் விழேக்க தலையில வைக்க ஒண்டு அனுப்பு.’ குரங்கு.”

ஜெபநேசன் திரும்பவேண்டிய ஒரு வளைவைத் தவறவிட்டுச் சுற்றிப் போனான்.

பாட்டு முறையைச் சொல்லவேண்டும். பழைய முறையில் இருவருக்கும் ஒரே மைக். ஆள் கீழ்க்குரலில் மெட்டைப் பிடிப்பான். பெண் அதற்கு மேலே இன்னொரு மெட்டைப் போட்டுக்கொண்டு வருவாள். இரண்டு சொல்லும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடியவேண்டும். அதற்கு ஒரே வழி, மேல்குரல் பாடுகிறவள் கீழ்க்குரல்காரனின் வாயைப் பார்த்துக்கொண்டே பாடுவதுதான். காதால் கேட்டுப் பாடினால் பிந்திவிடும். யாழ்ப்பாணத்தில் அவள் முதலில் பார்த்துப் பாடியது ஞானரட்ணத்தின் வாயை. சேர்ச்சில் பாட்டுப் பழகிய பிள்ளைகள். வானொலியில் கேட்டதைப் பிடித்துப் பாடுவார்கள். கலியாணம் கட்டி டென்மார்க் வந்தபிறகு அந்த இடத்தில் ஜெபநேசனைக் கொண்டுவந்து நிறுத்தினாள். அவன் பரவாயில்லாமல் பாடினான். காற்றாலை இறக்கைகளுக்கு அரம் போடும் வேலையில் தூசி போய்க் குரல் கரகரத்திருந்தது. டேனிஷ்காரருக்கு அந்தக் கரகரப்புப் பிடித்திருந்தது.

ஆகவே அன்று பின்னேரம் முழுக்க அவள் அவனுடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு சாண் தூரத்தில்.

முதல் பாட்டு முடிந்து கைதட்டல் நடக்கும்போது மைக்கை விட்டு முகத்தைத் திருப்பிக் கேட்டாள்:

“என்ன, இண்டைக்குச் சொல்லெல்லாத்தையும் விழுங்கிறியள்?”

“தடிமன்.” மூக்கை உறிஞ்சிக் காட்டினான்.

“காலமை இல்லையே.”

“இப்பதான் பிடிச்சது.”

“நல்ல நாள் பாத்துப் பிடிச்சிருக்கு. வாயைத் திறந்து பாடுங்கோப்பா. எனக்குச் சொல்லின்ர நுனி தெரியேல்லை.”

அவன் வாயைத் திறந்து பாடினான். ரயில் பாட்டு, சிறைப் பாட்டு, மழை பெய்யாத ஊரின் பாட்டு. கீழே தொப்பிகள் வரிசையாக இடப்பக்கம் போய், திரும்பி, சப்பாத்தால் பலகையில் அடித்தன. கிற்றாரில் அவனுடைய விரல்கள் தாமாக வேலை செய்தன. பழக்கம். அரம் போடும்போதும் அப்படித்தான், மனது எங்கே நின்றாலும் கை போய்க்கொண்டிருக்கும்.

இடைவேளையில் ப்ரெபென் கிரீம் கேக்கோடு வந்தான். “றோஸ், ஐந்து நிமிடம், சரியா? கடைசியில் கழுதைப் பாட்டு. சனம் அழுதுகொண்டு வீட்டுக்குப் போகக்கூடாது.” றோஸ் தலையாட்டினாள். சட்டைப்பைக்குள் மடித்து வைத்திருந்த பேச்சைத் தொட்டுப் பார்த்தாள். கேக்கை முழுக்கச் சாப்பிட்டாள். பல நாளுக்குப் பிறகு அவள் ஒழுங்காகச் சாப்பிட்டதை ஜெபநேசன் அன்றுதான் கண்டான்.

அவன் பின்பக்கம் போய்ப் பாஸ்டருக்கு எடுத்தான். எல்லாரும் வீட்டு வாசலில் நிற்பது என்றுதான் முதல் கதை. பாஸ்டர் அதை மாற்றியிருந்தார்.

“நாங்கள் மண்டபத்தடிக்கு வாறம், பிரதர். நீங்கள் உந்தச் செய்தியை வைச்சுக்கொண்டு சிஸ்டரோட கார் ஓடிக்கொண்டு வந்தா வாய்க்காலுக்குள்ளதான் விடுவியள். உங்கட காரை நான் ஓடுறன். கச்சேரி முடியுமட்டும் கார்ப் பார்க்கில இருப்பம். இறங்க மாட்டம்.”

“அஞ்சு மணிக்குப் பிறகு வாங்கோ. அதுக்கு முதல் வேண்டாம்.”

“ஓம், ஓம்.”

எந்தக் கலியாணத்துக்கும் தாலி கட்டி முடிந்தபிறகு வந்து சேருகிற சனம், அன்று மட்டும் முந்தி வந்தது.

இரண்டாம் பாதி முடியப்போகும் நேரத்தில் ஜெபநேசன் அதைக் கண்டான். மேடைக்கு வலப்பக்கம் நீளமான யன்னல். அதற்கு வெளியே கார்ப் பார்க், அதற்கு அப்பால் மஞ்சள் பூத்த வயல். பாஸ்டரின் சாம்பல் நிற டொயோட்டா வந்து நின்றது. பின்னால் இன்னொன்று. பின்னால் இன்னும் இரண்டு. ஒருவரும் இறங்கவில்லை. கண்ணாடிகளுக்குள் கறுத்தத் தலைகள் அசையாமல் இருந்தன.

றோசுக்கு யன்னல் முதுகுப் பக்கம். அவள் திரும்பக்கூடாது. அவள் பார்ப்பது அவனுடைய வாயை. வாயை நிற்பாட்டினால் திரும்புவாள். அவன் நிற்பாட்டவில்லை. பாட்டு முடியவேண்டிய இடத்தில் முதல் அடியைத் திரும்பவும் எடுத்தான். அவள் புருவத்தை உயர்த்தினாள், ஆனால் கூடவே வந்தாள். ஆடுகிறவர்கள் சந்தோஷமாக இன்னொரு சுற்றுப் போனார்கள். அவன் மூன்றாம் தடவையும் எடுத்தான்.

அப்போது ப்ரெபென் சுருட்டுப் பற்றவைக்க வெளியே போனான்.

ஜெபநேசன் பாடிக்கொண்டே எல்லாவற்றையும் யன்னலால் பார்த்தான். ப்ரெபென் கார்களைக் கண்டான். குனிந்து ஒரு கண்ணாடியைத் தட்டினான். கையை விரித்தான். பாஸ்டர் கண்ணாடியை இறக்கித் தலையை ஆட்டி, வேண்டாம் வேண்டாம் என்று கை காட்டினார். ப்ரெபென் இன்னும் பெரிதாகச் சிரித்துக் காரின் கதவைத் திறந்தான். டிக்கெட்டுக்குத்தான் கூச்சப்படுகிறார்கள் என்று அவன் நினைத்திருக்கவேண்டும். பாஸ்டர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்த மனிதன் நேரே மேடைக்கு வந்து றோசின் கையைப் பிடித்து ஆழ்ந்த அனுதாபம் என்று சொல்லிவிடுவான். டேனிஷ்காரர் அப்படித்தான், நேரே சொல்லிவிடுவார்கள். அந்தப் பயத்தில் பாஸ்டர் இறங்கினார். அவர் இறங்க எல்லாரும் இறங்கினார்கள்.

பாட்டு முடிந்தது. இனி நீட்ட முடியாது. பின்கதவு திறந்தது.

பதினைந்து இருபது தமிழர் உள்ளே வந்தார்கள். பெண்கள் முன்னுக்கு. வாசலில் நின்ற ஒரு டேனிஷ் மனுஷி கோட்டுகளை வாங்கக் கையை நீட்டினாள். ஒருவரும் கொடுக்கவில்லை. கடைசி வரிசைக் கதிரைகளில் கோட்டோடு, கழுத்துவரைக்கும் பொத்தான் பூட்டியபடி இருந்தார்கள். ஹேர்னிங்கிலிருந்து வந்த சரோஜினிதேவியின் மடியில் பிளாஸ்க். அது றோசின் வீட்டுப் பிளாஸ்க். போன கிழமைச் சாவு வீட்டில் விட்டுவிட்டு வந்தது.

ப்ரெபென் மேடைக்கு ஏறி மைக்கைப் பிடித்தான். முகம் சிவந்திருந்தது.

“நண்பர்களே! இன்றைக்கு ஒரு விசேஷம். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக எங்கள் றோஸின் குடும்பமும் ஊராரும் அவளுடைய பாட்டைக் கேட்க வந்திருக்கிறார்கள். அவ்வளவு கூச்சம், காருக்குள் ஒளிந்திருந்தார்கள்! கை தட்டுங்கள்!”

தொப்பிகள் எல்லாம் பின்னுக்குத் திரும்பின. மண்டபம் முழுக்கக் கைதட்டியது. யாரோ விசில் அடித்தார்கள். பின்வரிசையில் ஒருவரும் அசையவில்லை. பாஸ்டர் தேவநாயகம் என்ன செய்வது என்று தெரியாமல் பாதி எழும்பிப் பாதி இருந்தார்.

றோஸ் அவர்களைப் பார்த்தாள். கோட்டுகளைப் பார்த்தாள். பிளாஸ்கைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி ஜெபநேசனின் வாயைப் பார்த்தாள்.

“தடிமன்,” என்றாள்.

அவன் கிற்றார்க் கம்பிகளைக் கையால் பொத்தினான்.

“எப்ப தெரியும்?”

“மத்தியானம்.”

ப்ரெபென் அவளுடைய தோளில் கை வைத்தான். “றோஸ் உங்களுக்கு ஏதோ சொல்ல விரும்புகிறாள். பிறகு கழுதை!” என்று சொல்லிவிட்டு இறங்கினான்.

அவள் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தாள். விரிக்கவில்லை. மைக்குக்கு வாயைக் கிட்டக் கொண்டுபோய்த் தமிழில் கதைத்தாள்.

“பாஸ்டர், எழும்பாதேங்கோ. ஒருத்தரும் கத்தாதேங்கோ. நான் பேர் சொல்லுறன். தலையை மட்டும் ஆட்டுங்கோ.”

டேனிஷ்காரர் சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார்கள். விருந்தாளிகளுக்கு அவர்களுடைய பாஷையில் வரவேற்புச் சொல்கிறாள் என்று நினைத்தார்கள்.

“ஞானரட்ணம்,” என்றாள் றோஸ்.

பாஸ்டர் தலையைக் குனிந்தார். முன்வரிசையிலிருந்து ப்ரெபென் கைதட்டத் தொடங்கினான். ஒவ்வொருவராக அறிமுகம் செய்கிறாள், அந்த ஆள் கூச்சத்தில் தலையைக் குனிகிறான். மண்டபம் கைதட்டியது.

அவள் காத்திருந்தாள், சத்தம் அடங்கும்வரை.

“அருமைநாயகி.”

பாஸ்டர் தலையைக் குனிந்தார். கைதட்டல். ஒரு கிழவி யார் அந்த அருமைநாயகி என்று திரும்பிப் பார்த்து, பிளாஸ்க் வைத்திருந்தவளுக்குக் கை காட்டினாள்.

“பிள்ளையள்,” என்றாள் றோஸ். குரல் அப்போதும் சரியாகத்தான் இருந்தது. “ஜெனிதா.”

குனிந்தார். கைதட்டினார்கள்.

“லூக்காஸ்.”

இந்தத் தடவை பாஸ்டர் ஏற்கெனவே குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. சரோஜினிதேவி வாயைப் பொத்திக்கொண்டாள். கைதட்டினார்கள்.

“யூடித்.”

பின்வரிசையில் ஒன்றும் நடக்கவில்லை. பாஸ்டர் தலையைத் தூக்கிப் பார்த்தார். குனியவுமில்லை, ஆட்டவுமில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“யூடித்,” என்றாள் திரும்பவும், பலமாக. கைதட்டல் போதாதென்று அவள் இன்னும் கேட்கிறாள் என்று நினைத்து டேனிஷ்காரர் முன்னதைவிடப் பலமாகத் தட்டினார்கள். சப்பாத்தாலும் பலகையில் அடித்தார்கள்.

அந்தச் சத்தத்துக்குள் அவள் ஜெபநேசன் பக்கம் திரும்பினாள்.

“யூடித்?”

“தெரியாது.”

“தெரியாதெண்டா?”

“பேர் சொல்லிக்கொண்டு வந்தவனாம். நாலு பேர் சொல்ல லைன் அறுந்திட்டுது.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அவள் அவனுடைய வாயைப் பார்த்தபடி நின்றாள். அதில் உண்மை இருக்கிறதா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. ரயில் பாட்டிலும் சிறைப் பாட்டிலும் அந்த வாயைத்தான் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லையே.

தாளை விரித்தாள். படிக்கத் தொடங்கினாள். டேனிஷில் எழுதியிருந்தபடியே. “எனது தம்பியும் அவனுடைய மனைவியும் மூன்று பிள்ளைகளும் இன்று உயிரோடு இருக்கிறார்கள்.” நின்ற நிலையில் வசனத்தை மாற்றுகிற அளவுக்கு அவளுடைய டேனிஷ் போதாது. ஷாரன் திருத்திக் கொடுத்ததை ஒரு சொல் விடாமல் படித்தாள். சாப்பாடு இல்லை. மருந்து இல்லை. கடலுக்கும் சேற்றுக்கும் நடுவில் ஒரு துண்டு மணல். உங்களுடைய அரசாங்கத்திடம் கேளுங்கள், உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் கேளுங்கள், இன்னும் நேரம் இருக்கிறது. பின்வரிசையில் பெண்கள் கோட்டுக் கைகளால் முகத்தை மூடிக்கொண்டார்கள். படித்து முடித்துத் தாளை மடித்தாள். பிறகு தாளில் இல்லாத ஒன்றைத் தன்னுடைய சொந்த டேனிஷில் சொன்னாள்.

“இப்போ ஒன்று மட்டும். ஒரு பெண்பிள்ளை. ஆறு வயது.”

மண்டபம் அமைதியாக இருந்தது. ஐந்து பேர் என்றாளே, பிறகு ஒன்று என்கிறாளே என்று அவர்களுக்கு விளங்கவில்லை. ஆனால் சோகமான விஷயம் என்று விளங்கியது. சிலர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்கள். பத்திரிகைக்காரனின் தாய் கண்ணைத் துடைத்தாள். நகரசபைக்காரன் அன்று வரவே இல்லை. ப்ரெபென் எழும்பி, நன்றி றோஸ், நாங்கள் எல்லாரும் உன்னுடைய குடும்பத்தை நினைத்துக்கொள்வோம் என்றான். கொஞ்சம் நின்றான். அமைதி நீண்டுபோவதை அந்த மனிதனால் தாங்க முடியவில்லை. ஜெபநேசனைப் பார்த்து விரலால் கிற்றார் வாசிப்பதுபோல் காட்டினான்.

ஜெபநேசனின் கை கழுதைப் பாட்டைத் தொடங்கியது. ஏன் தொடங்கினாய் என்று அவனைப் பிறகு பலர் கேட்டார்கள். கை தொடங்கியது என்றுதான் சொன்னான்.

அது புருஷனும் பெண்சாதியும் பிரியும்போது கழுதை யாருக்கு என்று சண்டை பிடிக்கிற பாட்டு. ஒவ்வொரு அடி முடிவிலும் மண்டபம் முழுக்கக் கழுதை மாதிரிக் கத்தவேண்டும். முதல் அடியில் ஒருவரும் கத்தவில்லை. றோஸ் மைக்குக்கு வந்து தன்னுடைய பங்கைப் பாடினாள். பிசகாமல் பாடினாள். ஆனால் அவன் பக்கம் திரும்பவில்லை. தொப்பிகளுக்கு மேலால் பின்வரிசையைப் பார்த்துக்கொண்டு பாடினாள். அவளுடைய சொற்கள் அவனுடையதைவிட ஒரு மயிர் பிந்தி விழுந்தன. இரண்டாம் அடியில் இரண்டொருவர் மெல்லக் கத்தினார்கள். மூன்றாம் அடியில் எல்லாரும்.

முடிந்ததும் அவள் இறங்கிப் பின்வரிசைக்கு நடந்தாள். கோட்டுக்காரர்கள் எழும்பி அவளைச் சுற்றி நின்றார்கள். அதற்குப் பிறகுதான் அவள் கத்தியது. டேனிஷ்காரர் கேக் தட்டுகளோடு நின்று பார்த்தார்கள். ஜெபநேசன் வயரைச் சுருட்டி, மைக்கைப் பெட்டிக்குள் வைத்து, கிற்றாரைப் பூட்டினான். காரைப் பாஸ்டர் ஓடினார்.

திங்கட்கிழமை யுத்தம் முடிந்துவிட்டது என்று டேனிஷ் செய்தியிலும் சொன்னார்கள். வானிலைக்கு முன்னால், சுருக்கமாக.

யூடித்தைத் தேடினார்கள். முகாம்களில் இருந்து வந்தவர்களிடம் கேட்டார்கள். செய்தி சொன்ன அந்த நோர்வேக்காரனின் தம்பியைக் கேட்கலாம் என்றால் அவனும் வெளியே வரவில்லை. ஒருத்தி கண்டேன் என்றாள். வேறு பிள்ளை. படத்தைத் தவிர அந்தப் பிள்ளையை அவர்கள் ஒருநாளும் கண்டதில்லை, ஆகவே எந்தப் பிள்ளையைக் காட்டினாலும் றோசுக்கு அதுவாக இருக்குமோ என்று தோன்றியது. இன்றைக்குவரை ஒரு கதையும் இல்லை.

அடுத்த வருடம் திரும்பவும் பாடினார்கள். ப்ரெபென் வீட்டுக்கு வந்து கெஞ்சினான். றோஸ் சரி என்றாள். அவள் எதற்கும் சரி என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் அவனுடைய வாயைப் பார்த்துப் பாட அவளால் முடியவில்லை. முன்னுக்குப் பார்த்துக்கொண்டு காதால் கேட்டுத்தான் பாடினாள். சொல் முடிவுகள் ஒன்றும் சேரவில்லை. ஜெபநேசன் அவளுக்காகப் பிந்திப் பார்த்தான். அப்போது அவள் இன்னும் பிந்தினாள்.

ப்ரெபென் அதைக் கவனித்தான். மைக்கில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டான். அடுத்த கச்சேரிக்கு, ஆளுக்கொன்றாக, மேடையின் இரண்டு கரையிலும் இரண்டு மைக் வைத்திருந்தான்.